மூன்று வாரத்தில் திறக்காத கூடுகள்

1. விதி

எங்கள் தோட்டத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று வாரத்தில் திறக்காத கூடு தீக்குப் போக வேண்டும். புழு அறையின் பின்பக்கம் இதற்கென்றே ஒரு இரும்புப் பீப்பாய் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை அதில் தீ போடுவது வழக்கம்.

கேட்பவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் விதிக்குக் காரணம் உண்டு. செத்த கூட்டுக்குள் நோய்க் கிருமி இருக்கலாம், அல்லது குட்டிக் குளவி முட்டை இட்டிருக்கலாம். குளவி வெளியே வந்தால் பக்கத்துத் தட்டில் இருக்கும் நல்ல கூடுகளையும் குத்திவிடும். ஒரு தடவை நோய் அப்படிப் பரவி, ஒரு மாதத்துப் புழு அத்தனையும் கறுத்துத் தொங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது.

தோட்டம் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், ஐ.டி. வளாகங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தனியார் பட்டாம்பூச்சித் தோட்டம். வலை போட்ட பெரிய கூடாரம், உள்ளே பூச்செடிகள், ஒரு சின்ன ஓடை, எப்போதும் புகை மாதிரி தண்ணீர் தூவும் மிஸ்ட் பம்ப். வார நாட்களில் பள்ளிக் குழந்தைகள் வருவார்கள். சனி, ஞாயிறில் கம்ப்யூட்டர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து, பூச்சியைப் பார்க்காமல் பூச்சியோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே நான் இருபது வருஷத்துக்கு மேல் ரியரிங் சூப்பர்வைசராக இருந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன்.

ரியரிங் என்றால் வளர்ப்பு. முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூடு, கூட்டிலிருந்து பூச்சி. பார்வையாளர்கள் பார்ப்பது கடைசிப் படியை மட்டும். முதல் மூன்று படியும் எங்கள் தலையில்.

எங்கள் குடும்பம் ஆரியசாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக அரிசி, பயறு மொத்த வியாபாரம். நான் விலங்கியல் படித்து இந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"நான் ஆயுசு முழுக்க மூட்டையில வண்டு விழாம காவல் காத்தேன். நீ சம்பளம் வாங்கிட்டு புழு வளக்கப் போறியா, சிவகாமி?"

"ஆமாப்பா."

"நம்ம கடைக்குள்ள மட்டும் கொண்டு வந்திராதே."

அதோடு அனுமதி கிடைத்தது என்று எடுத்துக்கொண்டேன்.

2. வறண்ட நாட்டு விருந்தாளி

மேனேஜர் ஹரிகுமார் சாருக்கு ஒரு ஆசை வந்தது. தோட்டத்தில் இருப்பதெல்லாம் மழைக்காட்டுப் பூச்சிகள். வறண்ட வெளிப் பூச்சிகளுக்கு என்று தனியாக ஒரு கூண்டு கட்டி, சித்திரை விஷுவுக்கு, பள்ளி விடுமுறையில் திறக்க வேண்டும். மணல் கொட்டி, முள் செடி வைத்து, உள்ளே போனால் வேறு ஊருக்குப் போனது மாதிரி இருக்க வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்தது கிரிம்சன் டிப். வெள்ளைச் சிறகு, நுனியில் மட்டும் குங்குமம் தொட்டு வைத்தது போலச் சிவப்பு. ஆப்பிரிக்காவின் சவானாப் புல்வெளிகளில் பறக்கிற அதே இனம் நம் பக்கத்தில் வள்ளியூர் தாண்டி, முள்ளும் செம்மண்ணுமாகக் கிடக்கிற பொட்டல்களிலும் பறக்கிறது. இங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் பயணம்கூட இல்லை. மழை மட்டும் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று மலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

இதன் புழு விழுதிச் செடியின் இலையை விரும்பித் தின்னும். விழுதி என்பது பொட்டலில் தானாக வளரும் புதர். ஒரு வருஷத்துக்கு முன்பே நாற்று கொண்டுவந்து தொட்டியில் வைத்திருந்தோம். திருவனந்தபுரத்து மழையில் பாதி அழுகிப் போய், மீதி பிழைத்தது. தேவையான அனுமதிகளை வாங்கிக்கொண்டு, தை மாதக் கடைசியில் நானும் எஸ்தரும் வள்ளியூர் பக்கம் போய், முட்டையும் சின்னப் புழுவுமாக இருந்த கிளைகளை வெட்டி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தோம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை போய் இரண்டாவது பேட்ச் எடுத்தோம்.

எஸ்தரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேரள எல்லையில் இருக்கிற பாறசாலைக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். காண்ட்ராக்ட் ஊழியர், வருஷா வருஷம் மார்ச் முடிவில் புதுப்பிக்க வேண்டும். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள். அந்த வீடு ஓடுவது இவள் சம்பளத்தில்தான். காலை ஏழு மணிக்குத் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். புழுவைத் தூரிகையால் இடம் மாற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்க மூச்சு பட்டு பயந்துரும்லாக்கா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கையில் புழு சாவது குறைவு.

ஹரிகுமார் சார் எங்களை அழைத்து ஒரு உத்தரவு போட்டார். அவர் தமிழும் மலையாளமும் கலந்துதான் எங்களிடம் பேசுவார்.

"இது டிரை ஏரியா பூச்சி. நம்முடெ ஊர் ஈரம் இதுக்கு விஷமாணு. ஒரு துள்ளி வெள்ளம் படக்கூடாது. மனசிலாயோ?"

தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது என்று அர்த்தம். எஸ்தர் பக்கம் திரும்பி, "எலையைக் கழுவற பழக்கம் இங்க வேண்டா" என்றார்.

எங்கள் ஊரில் எதையும் கழுவாமல் இருக்க முடியாது. இரண்டு வேளை குளிக்கிற ஊர். மற்ற புழுக்களுக்கு இலை வந்ததும் கழுவி, துடைத்து, உலர்த்திக் கொடுப்பதுதான் எங்கள் முறை. இதற்கு மட்டும் அது கூடாது. அதோடு நிற்காமல், அறைக்கு ஒரு டீஹ்யூமிடிஃபையர் வேறு வாங்கினார். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி ஒரு வாளியில் சேர்க்கிற இயந்திரம். வெளியே மழைக்காலம் முடிந்து புழுக்கம் அடிக்கும், அந்த அறைக்குள் போனால் உதடு வெடிக்கும். வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டுகிறபோது எஸ்தர் சொல்வாள், "வள்ளியூரை நம்ம வாங்கிக் கொண்டு வந்து பூட்டி வச்சாச்சு."

எல்லோருக்கும் அது சரியான யோசனையாகத்தான் பட்டது. எனக்கும்தான். வறண்ட நாட்டு விருந்தாளிக்கு வறண்ட அறை. இதில் தப்பு என்ன இருக்க முடியும்?

3. உமி மாதிரி

புழுக்கள் நன்றாகத்தான் தின்றன. கூடு கட்டின. அங்கேதான் முதல் சந்தேகம். சாதாரணமாகப் பச்சையாக இருக்கும் கூடு என்று படித்திருந்தேன். இவை காய்ந்த சருகு நிறத்தில் இருந்தன. குச்சியில் ஒட்டிய உலர்ந்த இலைத் துண்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பத்து நாளில் திறக்க வேண்டும். திறக்கவில்லை. இரண்டு வாரம் ஆனது. தினமும் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்ப்போம். ஒன்றும் அசையவில்லை. எடுத்துக் கையில் வைத்தால் உமி மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. நாற்றம் இல்லை. நோயில் செத்த கூடு நாறும், கறுக்கும், ஒழுகும். இவை நாறவும் இல்லை, கறுக்கவும் இல்லை.

முதல் பேட்சுக்கு மூன்று வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை ஹரிகுமார் சார் அறைக்கு வந்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"முழுக்க உணங்கி, காஞ்சு போச்சு அல்லே?"

"செத்ததா இல்லையான்னு எனக்குத் தெரியலை சார். கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே."

"சிவகாமி, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். குளவி வந்தா கூடாரம் முழுசும் போகும். அதுக்கு யாரு பதில் சொல்றது?" பிறகு எஸ்தரைப் பார்த்தார். "எலையைக் கழுவினாயோ?"

"இல்ல சார்."

"கழுவாம எப்படி இத்தனையும் சாகும்?"

பழக்கம் விடாமல் அவள் கழுவியிருப்பாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டிய பிறகு அவரிடம் பேசுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. போகும்போது என்னைத் தனியே அழைத்து, மார்ச்சோடு எஸ்தரின் காண்ட்ராக்டை முடித்துக்கொள்ளலாம் என்றார். மாலையில் முதல் பேட்சை எரித்துவிடச் சொன்னார்.

இரண்டையும் எஸ்தரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. காண்ட்ராக்ட் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. அழவில்லை. சின்னவளுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு என்று மட்டும் சொன்னாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சற்று நேரத்தில் பீப்பாயிலிருந்து புகை வந்தது.

4. பம்ப் ஷெட்டுக்குப் பின்னால்

மார்ச் மாதம் பாதி போயிருந்தது. நாலைந்து நாளாக மாலையில் வேனல் மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. கழக்கூட்டம் பைபாஸில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு திங்கட்கிழமை காலை நான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது எஸ்தர் கேட்டில் நின்றிருந்தாள்.

"அக்கா, ஒரு காரியம் காட்டணும். ஏசப்பிடாது."

"காலங்காத்தால என்ன?"

"வாருங்க, சொல்லுதேன்."

பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் நாங்கள் கை கழுவுகிற இடம் இருக்கிறது. எலுமிச்சைப் பூச்சிக்கு வளர்க்கிற நாரத்தைத் தொட்டிகளும் கறிவேப்பிலைத் தொட்டிகளும் அங்கேதான் வைத்திருப்போம். குழாய் எப்போதும் சொட்டும். சுவரெல்லாம் பாசி. எஸ்தர் ஒரு நாரத்தைக் கிளையை விலக்கிக் காட்டினாள்.

உள்ளே ஒரு குச்சியில் வரிசையாக நூல் கட்டி, அந்தச் சருகு நிறக் கூடுகள் தொங்கின. அவற்றில் ஒன்று கிழிந்திருந்தது. அதன் கீழே, ஈரம் காயாத சிறகைத் தொங்கவிட்டபடி ஒரு கிரிம்சன் டிப் உட்கார்ந்திருந்தது. சிறகு வெள்ளை வெளேரென்று இருந்தது. நுனிச் சிவப்பு சுருக்கம் விரியாமல் கசங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கூட்டின் முதுகு வெடித்து இன்னொரு தலை வெளியே வந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கில் கூடு திறந்து பார்த்தவள்தான் நான். ஆனால் எரிந்து சாம்பலாகிவிட்டது என்று நினைத்தது கண் முன்னால் காலை ஊன்றி எழுந்து வருவதை நான் பார்த்ததில்லை.

"அன்னிக்கு நீ எரிக்கலையா?"

"எலையும் பேப்பரும் போட்டு எரிச்சேன்க்கா. இதத் தீயில போடதுக்கு மனசு வரல்ல. செத்துட்டுண்ணு யாரும் உறுதியாட்டு சொல்லல்லலா. நீங்க தெரியல்லன்னீங்க. சாரு ரூல்ண்ணாரு. உயிரு உண்டா இல்லியாண்ணு அறியாம எப்படி தீயில போட?"

"பின்னே எதுக்கு இங்க கொண்டு வந்து தொங்க விட்டே?"

"இங்கயாக்கும் யாரும் வராத எடம்."

அவ்வளவுதான். அவளுக்குப் பெரிய ரகசியம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஒளித்து வைக்க ஈரமான மூலை ஒன்று கிடைத்தது, வைத்தாள். மழை பெய்தது, பூச்சி எழுந்தது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பொட்டலில் மழை இல்லாத காலத்தில் விழுதியில் தளிர் இருக்காது. அந்த நேரத்தில் பூச்சி வெளியே வந்தால் முட்டை இட இடம் இல்லை. அதனால் கூட்டுக்குள்ளேயே கிடந்து தூங்குகிறது. ஈரம் பட்டதும், மழை வந்துவிட்டது, தளிர் வரும் என்று எழுந்து வருகிறது. அது வறட்சியை விரும்புகிற பூச்சி என்று நாங்கள் நினைத்தோம். அது வறட்சியைப் பொறுத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கிற பூச்சி. வருஷத்தில் பாதி மழையில் நனைகிற எங்கள் ஊரில், மழைக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. இயந்திரம் வாங்கி வைத்து அதைத் தூங்கவைத்தோம், பிறகு எழவில்லையே என்று கோபித்துக்கொண்டோம். பெங்களூரில் பூச்சி ஆராய்ச்சி செய்கிற என் கல்லூரித் தோழியிடம் அன்றே போனில் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள்.

"என்ன செய்யக்கா?" என்றாள் எஸ்தர்.

அதுதான் கேள்வி. ரியரிங் அறையில் இரண்டாவது பேட்ச் இருந்தது. அதற்கு வருகிற வெள்ளிக்கிழமை மூன்று வாரம் முடிகிறது. எஸ்தர் வாயைத் திறக்காவிட்டால் அது பீப்பாய்க்குப் போகும். திறந்தால் மேனேஜர் உத்தரவை மீறியவள் என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகும். அதற்குப் பிறகு காண்ட்ராக்டைப் பற்றிக் கெஞ்சக்கூட முடியாது.

"நான் வச்சதா சொல்லிக்கிறேன். நான் நிரந்தர ஊழியர், என்னை ஒண்ணும் செய்ய முடியாது" என்றேன்.

"வேண்டாங்க்கா. எனக்க கையால நடந்தத ஒங்க பேருல சொல்லாண்டாம். நானே சொல்லுதேன்."

5. நியாயம் இருந்ததுதான் எரிச்சல்

ஹரிகுமார் சார் வந்து பார்த்தார். அதற்குள் மூன்று பூச்சிகள் சிறகை விரித்திருந்தன. அவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மறுபடி குனிந்து பார்த்தார். மனிதர் பூச்சி என்றால் உயிரை விடுகிறவர்தான். அதை மறுக்க மாட்டேன்.

"யாரு வச்சது இவிடே?"

"நானாக்கும் சார். எரிக்கல்ல" என்றாள் எஸ்தர்.

கிழிந்த கூட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், இரண்டாவது பேட்சை எரிக்க வேண்டாம், டீஹ்யூமிடிஃபையரை அணைத்துவிட்டு மிஸ்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நல்லது, பனி விலகியது என்று நான் நினைத்தேன். அவர் தொடர்ந்தார்.

"எஸ்தரோட காரியம் வேறே."

"சார், இவ இல்லாட்டி நமக்கு ஒரு பூச்சி மிஞ்சியிருக்காது."

"ஷெரி. இந்தத் தடவை உயிருள்ள கூடு. அடுத்த தடவை இதேபோல மனசு வராம, நோயுள்ளதை ஒளிச்சு வச்சா? கூடாரம் முழுசும் போவும். அப்போ நீங்க ரெண்டு பேரும் எந்து சொல்லும்? சொன்னதைச் செஞ்சிட்டாங்கன்னு எனக்கு நம்ப முடியலேன்னா, ரியரிங் ரூம் எப்படி நடத்தறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். நியாயமே இல்லாத மேலதிகாரியோடு சண்டை போடுவது சுலபம். இவரோடு சண்டைக்கு நின்றால் நம் காலே வழுக்கும். நான் அன்று கத்தினேன் என்று பிறகு அலுவலகத்தில் சொன்னார்கள். கத்தியிருப்பேன். பலன் இல்லை.

மார்ச் கடைசி நாள் எஸ்தர் தன் தூரிகைகளைக் கழுவி, துணியில் சுற்றி, என் மேஜையில் வைத்தாள். எந்தத் தட்டில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "வாரேன்க்கா" என்று கிளம்பிவிட்டாள். கேட் வரை கூடப் போனேன்.

6. பாறசாலை

மிஸ்ட் கொடுத்ததும் இரண்டாவது பேட்சில் பாதிக்கு மேல் திறந்தது. சிலது உண்மையிலேயே செத்துப்போயிருந்தது. இரண்டில் குளவி ஓட்டையும் இருந்தது. ஹரிகுமார் சார் அந்த இரண்டையும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

விஷுவுக்குக் கூண்டு திறந்தாயிற்று. கூட்டம் வந்தது. ஆனால் வெயில் ஏறினால் கிரிம்சன் டிப் தரையை ஒட்டி அம்பு மாதிரி பறக்கும், மேகம் மூடினால் எங்காவது செடிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் புரிந்துகொண்டு, பெண் பூச்சியை விழுதித் தளிர் பக்கம் விட்டு முட்டை இடவைக்கப் பொறுமை வேண்டும். எஸ்தருக்குப் பதில் வந்த இருவருக்கும் புழு என்றாலே கூச்சம். கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பார்கள். பத்து நாளில் முட்டையும் இல்லை, புழுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை ஹரிகுமார் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். நாற்காலியில் உட்காரவில்லை.

"எஸ்தரை ஒண்ணு விளிக்கணும்" என்றார்.

"நீங்களே விளிக்கலாமே சார்."

"நீ பேசினா அவ வரும்."

மறுநாள் ஞாயிறு. தம்பானூரில் பஸ் ஏறிப் பாறசாலை போனேன். எஸ்தர் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சேலை மாற்றாமல் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கட்டிலில் படுத்தபடியே என்னை விசாரித்தார். ஒரு ஜவுளிக் கடையில் வேலை கேட்டிருப்பதாகவும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும் எஸ்தர் சொன்னாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள். உடனே சரி என்று சொல்வாள் என்று நினைத்தேன். அந்த வீட்டின் நிலைமைக்கு அப்படித்தான் யாரும் சொல்லியிருப்பார்கள்.

"வாரேன்க்கா. ஆனா ரெண்டு காரியம் சாருகிட்ட இப்பமே சொல்லிப்போடணும்."

"சொல்லு."

"ஒண்ணு, நான் ஒளிச்சு வச்சது தப்பாக்கும். குளவி இருந்த கூடுண்ணா எல்லாம் நாசமாப் போயிருக்கும். இனி ஒளிக்க மாட்டேன். ரெண்டாவது, உயிரு போச்சாண்ணு தெரியாதத எரிக்கச் சொன்னா, மாட்டேன்னு அவருக்க மொகத்தப் பாத்தே சொல்லுவேன். எரிச்சே தீரணும்ணா, சாரே வந்து ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாத்துட்டு அவரே போடட்டு. அதுக்கு சம்மதம்ணா நாளைக்கே வாரேன். இல்லேண்ணா ஜவுளிக் கடை இருக்கு."

"எஸ்தரே, வேலை வேணும்னு இருக்கிறப்ப இப்படி நிபந்தனை போடுவாங்களா?"

"வேலை வேணும்கதுனாலதான்க்கா முன்னக்கூட்டிச் சொல்லுதேன். இல்லேண்ணா மறுபடியும் ஒளிச்சு வச்சுட்டு, மறுபடியும் பயந்துட்டு இருக்கணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் இதை எப்படி மழுப்பிச் சொல்லலாம் என்று யோசித்தேன். நெய்யாற்றின்கரை வருவதற்குள் அந்த யோசனையை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை அவள் சொன்னதைச் சொன்னபடியே ஹரிகுமார் சாரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்தது.

"முகத்துக்கு நேரே சொல்லுமாமோ?"

"அப்படித்தான் சொன்னா சார்."

"அது மதி, போதும்" என்றார். "அது எனக்கு மதி. வரச் சொல்லு."

7. ஒன்று சொல்ல வேண்டும்

எஸ்தர் திரும்ப வந்த பிறகு பல கூடுகள் எரிந்திருக்கின்றன. அவள் கையாலேயே எரித்திருக்கிறாள். கறுத்தது, ஒழுகுவது, குளவி துளைத்தது எதையும் அவள் ஒரு நாள்கூட வைத்திருந்ததில்லை.

சந்தேகமான தட்டு ஒன்று ஆடி மாதத்தில் வந்தது. வேறொரு வறண்ட நாட்டுப் பூச்சி. மூன்று வாரம் முடிந்திருந்தது. எஸ்தர் தட்டை மேனேஜர் அறைக்கு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்து, "இது எனக்குத் தெரியல்ல சார். நான் போட மாட்டேன்" என்றாள். ஹரிகுமார் சார் எழுந்து தட்டோடு பின்பக்கம் வந்தார். பீப்பாயில் தீ எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் தள்ளி நின்றோம்.

அவர் முதல் கூட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பத்து வருஷமாக அந்த விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர். ஒரு கூட்டைக்கூடத் தன் கையால் பீப்பாய்க்குள் போட்டதில்லை என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை முதல் நாளே, எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அது அவருக்கும் நல்லது. உத்தரவு போடுகிற நாற்காலிக்கு நீங்கள் வந்துவிட்டால், போடுகிற உத்தரவை ஒரு தடவையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள்.

ஹரிகுமார் சார் தட்டில் இருந்த அத்தனை கூட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். தீ அடங்கிக்கொண்டிருந்தது. தட்டை எஸ்தர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு ஆழ்ச்ச கூட இருக்கட்டே" என்றார்.

ஒரு வாரம் இன்னும் இருக்கட்டும் என்றுதான் சொன்னார். எஸ்தர் தட்டை வாங்கிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி உள்ளே போனாள்.